தமிழுக்கு நான்கை அழுத்தவும்

1

போன புதன்கிழமை சாயங்காலம் என் மகள் கயல்விழி ஆபீசிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையோடு வந்தாள். வெள்ளைக் கோப்பை. அதில் கொட்டை எழுத்தில் '1' என்று போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசாம். கேக் வேறு வெட்டினார்களாம். கோப்பையைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்துவிட்டு, "கேமோன்?" என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், வங்காளியில்.

எப்படி இருக்கும்? "ஒரே ஒரு வருஷம்தான்" என்று சொல்லித்தான் காலேஜை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஜாதவ்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிக்கக் கிடைத்த இடத்தைப் போன வருடம் வேண்டாமென்று விட்டாள். இந்த வருடம் நான் பிடிவாதமாக மறுபடி விண்ணப்பம் போட வைத்தேன். அதே இடம் மறுபடி கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். கோப்பை வந்ததோ புதன்கிழமை.

"வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"தேக்கி" என்றாள். பார்க்கலாம் என்று அர்த்தம். நடக்காத காரியத்துக்கெல்லாம் இந்த ஊரில் சொல்கிற வார்த்தை அது.

கல்கத்தா என்ன வெளிநாடா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஊருக்கு வருகிறபோதெல்லாம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்கத்தான் செய்கிறீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரயிலில் ஏறிப் படுத்தால் போய்விடலாம், நீ என்னமோ பரதேசம் போனவள் மாதிரி அலுத்துக்கொள்கிறாயே என்று. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துபாய்க்குப் போனவனுக்காவது திரும்பி வருகிற நாள் ஒன்று உண்டு. எங்களுக்கு அதுவும் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு இங்கே மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. பெஹாலாவில் ஃப்ளாட். ஓட்டு, ரேஷன் எல்லாம் இங்கேதான். அந்த ரேஷன் கார்டில் என் மகளின் பெயர் 'கயல்பிஜி'. ஏதோ பிஜித் தீவில் பிறந்தவள் மாதிரி. அதைத் திருத்த நான் ஏறி இறங்கிய படிகள் போதாதென்று, தெருவில் எல்லோரும் அவளைக் 'கோயேல்' என்று கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

2

ஒரு வருடம் என்ற பேச்சைக் கேட்டாலே நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்றால், எனக்கும் அப்படி ஒரு வருடம் இருந்தது.

சாத்தூரில் பிளஸ் டூ முடித்தேன். கணக்கில் பள்ளியிலேயே முதல். விருதுநகரில் கணிதம் படிக்க இடமும் கிடைத்தது. அப்போது அப்பா சொன்னார்:

"செல்வி, ஒரே ஒரு வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு வா தாயி. அண்ணன் படிப்பு முடியட்டும். அடுத்த ஆனியில ஒன்னய நானே கூட்டிட்டுப் போயிச் சேத்து விடுறேன்."

எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். குனிந்த தலை நிமிராமல் மரச் சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும். மருந்து வாடை சோற்றில்கூட வரும். எனக்குக் கணக்கு வரும் என்று தெரிந்த பிறகு சம்பளக் கணக்கு எழுத உட்கார வைத்தார்கள். அதற்கே அம்மா தெருவெல்லாம் பெருமையடித்தாள்.

அடுத்த ஆனி வந்தது. "அண்ணனுக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி கெடக்கு, அடுத்த ஆனிக்குப் பாப்பம்" என்றார் அப்பா. அதற்கடுத்த ஆனியில் காலேஜுக்குப் பதிலாக மாப்பிள்ளை வந்தார். கல்கத்தாவில் நிரந்தர வேலை, குடிப்பழக்கம் இல்லை, போதாதா?

அப்பா ஒரு நாளும் என்னிடம் முடியாது என்று சொன்னதே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். 'உன்னைப் படிக்க வைக்க முடியாது தாயி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு வாரம் அழுது தீர்த்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. தேதி சொன்னார். வராத தேதியைச் சொல்லிச் சொல்லியே என்னை உட்கார வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியர். விசேஷ வீடுகளில் என்னைக் காட்டி, "தங்கச்சி கல்கத்தாவுல செட்டில் ஆயிட்டா" என்று பெருமையாகச் சொல்கிறான். நானும் சிரித்து வைக்கிறேன்.

3

போன வருடம், இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் பால் பாயசம் வைத்த அன்றைக்குத்தான் கயல் சொன்னாள்.

"மா, நான் இப்ப சேரல. ஒரு வருஷம் வேலை செய்யறேன். அப்புறம் படிக்கிறேன்."

அவள் என்னை 'மா' என்றுதான் கூப்பிடுவாள், வங்காளிப் பிள்ளைகள் மாதிரி. அவள் பேசியதில் பாதி வங்காளி, கால் பங்கு ஆங்கிலம். உங்களுக்குப் புரியவேண்டுமே என்று நான்தான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

"ஏன்டி, நமக்கென்ன சோத்துக்கா வழியில்ல?"

"சோத்துக்கு இல்ல மா. எல்.கே.ஜி.யில இருந்து ஒண்ணையாவது நான் கேட்டுப் பண்ணியிருக்கேனா? நீ சேத்துவிட்ட ஸ்கூல், நீ சொன்ன சயின்ஸ், நீ சொன்ன டியூஷன். இந்தப் புள்ளியியல் எனக்குப் புடிக்குமான்னே தெரியல. கொஞ்சம் வெளிய போய்ப் பாத்துட்டு வரேன்."

"வெளிய என்னத்தப் பாக்கப் போற?"

"அது தெரிஞ்சா ஏன் போறேன்?"

வாய் மட்டும் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பாயசக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒரு வருஷம்தானே, விடேன்" என்றார். அந்தத் 'தானே'யைக் கேட்டதும் எனக்கு அப்பா குரல் காதில் விழுந்தது. "ஏங்க, ஒரு வருஷம்தானேன்னு சொல்லாதீக. ஒங்களுக்கு அது ஒரு வருஷம். நான் அதிலயேதான் இன்னும் கெடக்கேன்" என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அன்றைக்குப் பாயசத்தை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இங்கே பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தால் அதற்கு 'டிராப்' என்று பெயர். டாக்டர் பரீட்சைக்கோ இன்ஜினியரிங் பரீட்சைக்கோ படிக்கிறான் என்று அர்த்தம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. கீழ் வீட்டு மிதாலி பௌதி என்னை மாடிப்படியில் நிறுத்தி, "கோயேல் டிராப் எடுத்திருக்காளா? எந்தக் கோச்சிங்?" என்று கேட்டாள். பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் அக்கம்பக்கத்தில் முறை வைக்காமல் யாரையும் கூப்பிட முடியாது, சண்டை போடுவதென்றால்கூட. நான் ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். மறுவாரமே கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கயல் சால்ட் லேக் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பௌதி பார்த்துவிட்டாள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் சந்தேஷோடு வந்து, என் கையைப் பிடித்து, மெதுவான குரலில், "உன் வீட்டுக்காரருக்கு வேலையில ஏதாவது பிரச்சினையா?" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவள் தின்பண்டத்தோடு வருவதை இங்கேதான் பார்த்தேன்.

4

என்ன வேலை என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். தமிழ் பேசுகிற வேலை.

சால்ட் லேக்கில் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். அதில் ஒன்றின் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பதில் சொல்கிறார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நீங்கள் ஃபோன் போட்டதும், இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று வரிசையாகச் சொல்லி, 'தமிழுக்கு நான்கை அழுத்தவும்' என்று வருமே, அந்த நான்கில் உட்கார்ந்திருப்பவள் என் மகள். பெற்ற தாயிடம் 'கேமோன்' என்று பேசுகிறவளைத் தமிழுக்கு ஆளாக எடுத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் தமிழ் பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டமாம். பரீட்சை வைத்தவருக்கே தமிழ் தெரியாது என்பதால் இவள் பாஸாகிவிட்டாள். கயல்விழி என்ற பெயர் நீளம் என்று 'கவிதா' என்று வேறு வைத்துவிட்டார்கள்.

முதல் வாரம் முழுக்க அழுதுகொண்டே வந்தாள். உங்களில் யாரோதான் அவளை அழ வைத்தது. "எந்தூர்க்காரி நீ? தமிழே வரல, ஃபோன எடுக்க வந்துட்ட" என்று ஒருவர். "இந்திக்காரிய வச்சு எங்கள ஏமாத்துறீங்களா?" என்று ஒரு பெண்மணி. அவள் 'நீ' என்று சொல்லிவிட்டாளாம் ஒரு பெரிய மனிதரை. மரியாதை தெரியாத குடும்பமா என்று கேட்டிருக்கிறார். சாத்தூரில் பிறந்து, நாடு தாண்டி நாடு வந்து, பிள்ளை பெற்று வளர்த்தால், அவளை இந்திக்காரி என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் விழாததற்கு என் வளர்ப்பா காரணம்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. காலேஜில் இன்னும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மா, எனக்குத் தமிழ் சொல்லிக் குடு" என்று கேட்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு நாள் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் சட்டம் போட்டபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டவள். தானாக வந்து கேட்கிறாள். எந்த அம்மாவால் முடியாது என்று சொல்ல முடியும்?

அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஃபோன் விளையாட்டுத்தான். நான் உங்களில் ஒருத்தி. அவள் கவிதா.

"ஏம்மா, வாங்கி முழுசா மூணு மாசம் ஆகல, தண்ணி ஒழுகி அடுப்பங்கர பூரா கொளமா கெடக்கு. ஒங்க ஆளு இந்தா வாரேன், இந்தா வாரேன்னு சொல்லிட்டு வந்த பாடக் காணோம். என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்கீக?"

"மன்னிச்சுக்கோங்க மேடம்…"

"மேடம்னு சொல்லாதடி. நம்ம பக்கம் ஆம்பளைன்னா ஐயா, பொம்பளைன்னா அம்மா. அம்மான்னு சொல்லிப் பாரு, பாதிக் கோவம் அங்கயே அடங்கிரும்."

"சரிங்கம்மா. உங்க சிரமம் புரியுதுங்கம்மா."

"ஆங், அப்படி. இப்பச் சொல்லு, ஆளு எப்ப வருவாரு?"

"நாளைக்கு…"

"நெசமா நாளைக்கு வருவாரா?"

"தெரியாது மா. சும்மா சொன்னேன்."

அப்போது நான் விளையாட்டை நிறுத்திவிட்டேன். "இந்தா பாரு கயல், வராத தேதிய யாருக்கும் சொல்லாத. இன்னைக்கு முடியாதுன்னு சொன்னா வைவாக, அப்புறம் பொறுத்துக்கிருவாக. நாளைக்குன்னு சொல்லி நம்ப வச்சு வரலேன்னு வையி, செத்தாலும் மறக்க மாட்டாக. உறுதியா ஒரு தேதி சொல்ல முடியாதுங்க, சொன்னா அது பொய்யாயிரும்னு சொல்லு. கோவிச்சுக்காதீகன்னு சொல்லு. அது போதும்."

அவள் அந்த வாக்கியத்தை அப்படியே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கு மா" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. எனக்கு அந்த மாதங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. நான் அப்பாவிடமும் அண்ணனிடமும் திட்டாமல் விட்ட திட்டையெல்லாம் ஓடாத ஒரு ஃப்ரிட்ஜை வைத்து அந்த மேசையில் திட்டித் தீர்த்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுவாள். "மா, உன்ன மாதிரி ஒரு கஸ்டமரு வந்தா நான் ஓடியே போயிருவேன்" என்பாள். முதலில் 'ழ' வந்தது. அப்புறம் 'நீங்க, வாங்க' வந்தது. கடைசியில் சாத்தூர் இழுவையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து, "யாரு, ஒங்க ஊருல இருந்து யாரும் வந்திருக்காகளா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் காலேஜ் கதவை மூடிய தேதி என்றைக்குப் போனதென்றே தெரியவில்லை.

5

துர்கா பூஜைக்கு ஊரே புதுத்துணியில் அலைந்தபோது அவளுக்கு மட்டும் லீவு இல்லை. சரஸ்வதி பூஜைக்கு வீடு கழுவுகிற வாரத்தில்தான் உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் எல்லாம் ஒன்றாகக் கெட்டுப்போகுமாம். அஷ்டமி அன்றைக்குப் பந்தலுக்குக் கூப்பிட வந்த பள்ளித் தோழிகள் திரும்பிப் போனார்கள். அவர்கள் எல்லோரும் காலேஜில் சேர்ந்துவிட்டவர்கள். அவர்கள் பேச்சில் இப்போது பேராசிரியர், கேன்டீன், தேர்தல், ஊர்வலம் எல்லாம் வருகிறது. கயல் பேச்சில் வருவது ஷிஃப்ட்டும் டார்கெட்டும்தான்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. வீட்டில் அவள் பேசிய தமிழ் மெல்ல நின்றுபோனது. முன்பாவது பாதிக்குப் பாதி கலந்து பேசுவாள். இப்போது வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுகிறபோதே கையை உயர்த்திவிடுகிறாள்.

"மா, ஒரு நாள் முழுக்கத் தமிழ். மாத்தா தோரே கேச்சே. இப்ப வேண்டாம், ப்ளீஸ்."

தலை வலிக்கிறதாம், தமிழால். என்னோடு வங்காளியில் பேசினால்தான் அவளுக்கு ஓய்வு. "பெத்தவகிட்ட பேசுறதுக்கும் ஒனக்குச் சம்பளம் வேணுமாக்கும்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவள் பதிலுக்குக் கோபப்படக்கூட இல்லை. "மா, உங்க ஊர்க்காரங்க திட்டுறதும் இந்தத் தமிழ்லதான். நீ பேச ஆரம்பிச்சா, இன்னொரு கால் வந்துருச்சோன்னு தோணுது" என்றாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். திட்டுகிற தமிழை அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யார்?

பேச்சு முடிந்ததும் உங்களிடம் மதிப்பெண் கேட்பார்களே, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அழுத்துங்கள் என்று, அதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. யாராவது கடுப்பில் ஒன்றை அழுத்திவிட்டால் அந்த மாதமே வீணாம். நீங்கள் பாதிப் பேர் அதைக் கேட்காமல் வைத்துவிடுகிறீர்கள். மீதிப் பேர் என் மகளுக்கு ஐந்தாகவே அழுத்தியிருக்கிறீர்கள். அந்த மாடியிலேயே கவிதாவுக்குத்தான் நல்ல பெயர். 'கவிதா கோபக்கார அம்மாக்களை நன்றாகச் சமாளிக்கிறாள்' என்று மேலதிகாரி சொன்னாராம். கோப்பையைக் கொடுத்த அன்றைக்கே, தமிழுக்குப் புதிதாக எடுக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மேசையில் சொல்லிக் கொடுத்ததை அவள் இனிமேல் ஊருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். பிள்ளைக்குத் தமிழ் வர வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. வந்தது. வந்து, காலேஜைத் தின்றுவிட்டது.

"அதுக்கும் இதுக்கும் என்னடி? படிச்சிட்டுப் பயிற்சி குடு" என்றேன் புதன்கிழமை.

"தேக்கி" என்றாள் மறுபடியும். கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டு அறைக்குப் போனாள்.

வியாழக்கிழமை முழுக்க நான் விடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். கடைசியில், "சரி மா, மத்தியானம் வந்து கையெழுத்துப் போடறேன். எல்லாம் ரெடி பண்ணி வை" என்றாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

6

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு வருடம் காணாமல் போயிருந்தால், அந்த வருடத்தில் என்ன செய்தாய் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே கோர்ட் வாசலுக்குப் போய்விட்டேன். மரத்தடியில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டைப் அடிக்கிற தாதா (இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்) என்னைப் பார்க்காமலே வங்காளியில் கேட்டார்.

"இடைவெளி ஏன்? உடம்பு சரியில்லையா?"

"இல்ல. வேலைக்குப் போனா."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "வேலைன்னு போட்டா அந்த ஆபீஸ் சர்டிபிகேட் கேப்பாங்க, அது உண்மையான்னு விசாரிப்பாங்க. மஞ்சள் காமாலைன்னு போட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் அதுதான் போடறாங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருடம் உங்கள் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தொங்கி, சொந்தக் காலில் நின்றவளுக்கு மஞ்சள் காமாலையாம். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய எனக்கு என்ன வியாதி போடுவார்கள்? அவரோடு சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆபீஸ் சர்டிபிகேட்டுக்கு எங்கே போவேன், நாளோ இன்றோடு சரி. "அதையே அடிங்க" என்றேன். அடித்தார். கயல்விழியை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்தார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். இனி அவள் வந்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அங்கிருந்து டாக்சி பிடித்தால் கல்லூரிக்குப் போய்விடலாம்.

மத்தியானம் வந்தது. அவள் வரவில்லை. மண் குவளையில் டீ வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்து இன்னொன்று குடித்தேன். ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஷிஃப்ட்டில் உட்காரும்போது சொந்த ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எடுக்கவில்லை என்றால் அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். நோட்டரி கோட்டை மாட்டி, பையை மூட ஆரம்பித்தார். "மாஷிமா, மகள் எங்கே?" என்று, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, தாதா கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த நம்பர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினும் அவள் பதில் சொல்கிற கம்பெனியுடையதுதான், அதில் ஒட்டியிருக்கிற நம்பர். அழுத்தினேன். இந்திக்கு ஒன்று என்றது. தமிழுக்கு நான்கை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முதலில் வேறொரு பெண் எடுத்தாள். வைத்துவிட்டேன். மறுபடி ஒரு பையன். வைத்துவிட்டேன். தமிழுக்கு அங்கே நாலைந்து பேர்தான், எத்தனை தடவை தப்பிக்க முடியும்? அடுத்த தடவை அவளே எடுத்தாள்.

"வணக்கம், நான் கவிதா பேசுறேன். சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

"கயல், நான்தான்டி. கோர்ட் வாசல்ல நிக்கேன். நோட்டரி கெளம்பிட்டாரு. வாரியா, இல்லையா?"

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுவது கேட்டது. அவர்கள் பேச்செல்லாம் பதிவாகும், யாராவது கேட்டுக்கொண்டும் இருப்பார்கள் என்று அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"உங்க சிரமம் புரியுதுங்கம்மா" என்றாள். "வெயில்ல நிக்காதீங்க. முதல்ல நெழலா பாத்து உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டும். நீ எப்ப வாரே? அத மட்டும் சொல்லு. இந்த வருஷமா, அடுத்த வருஷமா?"

"உறுதியா ஒரு தேதி சொல்ல முடியாதுங்கம்மா. சொன்னா அது பொய்யாயிரும். கோவிச்சுக்காதீக."

என் வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. 'ழ' சுத்தமாக வந்தது, இழுவை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்பது மாதிரி வந்தது. பிறந்ததிலிருந்து 'மா' என்று மட்டுமே கூப்பிட்டவள் வாய்க்கு வாய் அம்மா என்கிறாள். அந்த அம்மா எனக்கா, தண்ணீர் ஒழுகுகிற மெஷின்காரிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பா கடைசிவரை என்னிடம் சொல்லாமல் போன பதிலை என் மகள் சொல்லிவிட்டாள். நான் அதற்காக இத்தனை வருடம் ஏங்கினேன். கிடைத்தபோது அது என்னைக் கொன்றது.

"வேற ஏதாவது உதவி வேணுமாங்கம்மா?" அவள் குரல் லேசாக உடைந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"வேண்டாம்" என்றேன்.

"அழைத்ததற்கு நன்றிங்கம்மா" என்றாள். அவள் குரல் போய், பழைய இயந்திரக் குரல் வந்தது. எங்கள் பிரதிநிதியின் சேவைக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் கொடுக்கவும் என்றது. ஒன்றை அழுத்தினால் அவளுக்கு அந்தப் பயிற்சி வேலை தட்டிப்போகலாம். தட்டிப்போனால் வேறு வழியில்லாமல் படிக்க வருவாள். கட்டைவிரலை ஒன்றின் மேல்தான் வைத்தேன். நோட்டரி என்னைக் கடந்து வாசலுக்குப் போனார். கையெழுத்தில்லாத மஞ்சள் காமாலையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். குரல் இரண்டாவது தடவை கேட்டது.

ஐந்தை அழுத்தினேன். என்ன செய்வது, நன்றாகத்தான் பேசினாள்.